ஒரு குப்பிச் சிறுநீரும் மூன்று சீருடைகளும்

அமெரிக்கத் தரைப்படை என்று நாம் ஒற்றைப் பெயரால் குறிப்பிடுவது உண்மையில் மூன்று படைகளின் தொகுப்பு: முழுநேரப் படை, ரிசர்வ் எனப்படும் சேமப் படை, மாநிலங்களுக்கு உரிய நேஷனல் கார்டு. ஒரு சிப்பாய் தன் பணிக்காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது அங்கு இயல்பான நிகழ்வு. அவ்வாறு மாறும் நாள்களில் அவர் கொடுத்த சிறுநீர் மாதிரியில் போதைப்பொருளின் தடயம் தென்பட்டால் அவரை விசாரிக்க வேண்டியது யார்? மாதிரியை எடுத்த படையா, முடிவு வந்து சேரும்போது அவர் இருக்கும் படையா? அலுவலகச் சிக்கல் போலத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அண்மையில் இது தொடர்பான தீர்ப்புகளை வாசித்ததில் விளங்கியவற்றை மாணவ நண்பர்களுக்காக இங்கே தொகுக்கிறேன்.

இவ்வரலாறு இரண்டு தனித்தனி இழைகளாகத் தொடங்குகிறது. முதல் இழை, படையை விட்டு வெளியேறுதல் என்பதன் சட்டப் பொருள் பற்றியது. 1942இல் கொரெகிடோர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஹிர்ஷ்பெர்க் என்ற கடற்படையினர், முகாமில் சக கைதிகளைத் துன்புறுத்தியதாகப் பின்னாளில் குற்றஞ்சாட்டப்பட்டார். ஆனால் இடையில், 1946 மார்ச்சில், அவர் பணியிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டு மறுநாளே மீண்டும் சேர்ந்திருந்தார். முந்தைய பணிக்காலக் குற்றத்துக்காக அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த அன்றைய சட்டம் இடந்தரவில்லை என்று 1949இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவில் கிடந்தது ஒரே ஓர் இரவு. அந்த இரவே ஒரு மனிதரைச் சட்டத்தின் கண்ணில் வேறொருவர் ஆக்கிவிட்டது. 1955இல் டோத் வழக்கில், விடுவிக்கப்பட்டுக் குடிமகனாகிவிட்ட முன்னாள் விமானப்படையினரை இராணுவ நீதிமன்றம் விசாரிப்பது அரசமைப்புக்கு முரணானது என்றும் அதே நீதிமன்றம் கூறிற்று.

இரண்டாம் இழை வியட்நாம் போரில் பிறந்தது. 1971 மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களான ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி இருவரும் அங்குள்ள சிப்பாய்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தனர். அடுத்த மாதமே நாடு திரும்புவோருக்குச் சிறுநீர்ச் சோதனை தொடங்கியது. சோதனையில் தேறாதவர் தாய்நாட்டு விமானத்தில் ஏற முடியாது. நச்சு நீக்கச் சிகிச்சைக்காக அங்கேயே நிறுத்தப்படுவார். கவனிக்க வேண்டியது, தொடக்கத்தில் இச்சோதனையின் நோக்கம் தண்டனையன்று. சோதனை முடிவை இராணுவ நீதிமன்றத்தில் சான்றாக்கக் கூடாதென்று பாதுகாப்புச் செயலர் மெல்வின் லேர்ட் வரையறுத்திருந்தார். ஆயினும் சிகிச்சைக்கும் தண்டனைக்கும் இடையிலான கோடு மெல்லியது. முடிவைக் காட்டி ஒருவரைக் கௌரவக் குறைவான முறையில் விடுவிக்க இயலுமாயின், அவரைச் சிறுநீர் கொடுக்கக் கட்டாயப்படுத்துவது தன்னைத்தானே குற்றவாளியாக்கச் செய்வதாகும் என்று 1974இல் ரூயிஸ் வழக்கில் இராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

1981 மே 26 அன்று இந்நிலை மாறியது. ஃபுளோரிடாக் கடலுக்கு அப்பால் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு விமானம் மோதித் தீப்பற்றியதில் 14 பேர் இறந்தனர். இறந்த தளப் பணியாளர் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் கிடைத்தது. விபத்துக்குக் கஞ்சாதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. எனினும் அரசியல் விளைவு உடனடியானது. அவ்வாண்டு டிசம்பரில் பாதுகாப்புத் துணைச் செயலர் ஃபிராங்க் கார்லூச்சி, சோதனை முடிவுகளைத் தண்டனை நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்த அனுமதித்தார். சிகிச்சைக்கான கருவி இவ்வாறு சான்றுக்கான கருவியாயிற்று.

வேகம் பிழையையும் கொண்டுவந்தது. ஆய்வகங்களில் மாதிரிகள் குவிந்தன. மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற பதிவுகள் பல இடங்களில் ஒழுங்காக இல்லை. 1982, 1983ஆம் ஆண்டுகளின் முடிவுகளில் பலவும் அறிவியல் முறைப்படியோ சட்ட முறைப்படியோ நிற்கத்தக்கன அல்ல என்று தரைப்படையே நியமித்த குழு கண்டறிந்தது. பாதிக்கப்பட்டோர் தம் ஆவணங்களைத் திருத்தக் கோரி இராணுவ ஆவணத் திருத்த வாரியத்தை அணுகலாம் எனப்பட்டது. ஆனால் அதற்குள் படையை விட்டு வெளியேறியவர்களின் கதி என்ன? தவறான முடிவு அவர்களுக்கு முன்னரே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் திருத்தம் அவர்களைத் தேடிப் பின்னால் செல்ல வேண்டியிருந்தது.

இவ்விரு இழைகளும் சந்தித்த இடம் 1984ஆம் ஆண்டின் கபூட்டோ வழக்கு. பயிற்சிக்காகச் சில நாள் பணியில் இருந்த ஒரு சேமப் படையினர்மீது அக்காலத்தில் செய்த போதைப்பொருள் குற்றம் சாட்டப்பட்டது. பயிற்சி முடிந்து அவர் வீடு திரும்பிவிட்டார். அடுத்த வார இறுதிப் பயிற்சிக்கு வந்தபோது அவரை விசாரிக்க முயன்றனர். முதற்பணி முடிந்ததுமே அதிகாரவரம்பும் முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். 1986இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது: ஒரு பணிக்காலம் முடிந்ததனாலேயே சேமப் படையினர் பொறுப்பிலிருந்து நீங்கிவிடமாட்டார், விசாரணைக்காக அவரைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கலாம். எனினும் அவ்வாறு அழைக்கப்பட்டவருக்குச் சிறைத் தண்டனை விதிக்க வேண்டுமாயின், அழைப்பாணைக்கு அப்படைத் துறைச் செயலரின் ஒப்புதல் தேவை. நேஷனல் கார்டினர் நிலை இன்னும் சிக்கலானது. கூட்டரசுப் பணியில் இருக்கும்போது மட்டுமே பொது இராணுவச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும். மற்ற நாள்களில் அந்தந்த மாநிலத்தின் இராணுவச் சட்டமே செல்லும்.

சட்டவழி இவ்வளவு சுமையானது என்பதால் நிர்வாகவழி எளிதாகிறது. முடிவு உரிய காலத்தில் வந்தால் சிப்பாயின் கோப்பில் 'ஃபிளாக்' என்னும் தடைக்குறி இடப்பட்டு, பதவி உயர்வும் இடமாற்றமும் நிறுத்தப்படும். ஆனால் மாதிரி ஆய்வகம் சென்று, முதற்கட்டச் சோதனையும் உறுதிப்படுத்தும் சோதனையும் கடந்து வருவதற்குள் மாற்ற ஆணை நிறைவேறிவிடலாம். அப்போது புதிய பிரிவின் தளபதி, தாம் எடுக்காத மாதிரியை, தாம் காணாத பதிவுகளைக் கொண்டு, தாம் அறியாத ஒருவரைப் பற்றி முடிவு செய்ய நேர்கிறது. ஆறாண்டுப் பணி நிறைந்தவருக்கு விசாரணை வாரியத்தின்முன் நிற்கும் உரிமை உண்டு. அதற்குக் குறைந்த பணியுடைய இளைஞருக்கு, கௌரவமற்ற விடுவிப்பு முன்மொழியப்பட்டாலன்றி அவ்வாய்ப்பு இல்லை. அவர் இழக்கக்கூடியதோ சிறிதன்று. முழுக் கௌரவத்தோடு விடுவிக்கப்படாதவர் ஜி.ஐ. சட்டத்தின் கல்வி உதவியை இழக்கிறார். கல்லூரிக் கட்டணத்துக்காகவே படையில் சேர்ந்த ஏழை இளைஞருக்கு அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. 1974 வரை விடுவிப்புச் சான்றிதழ்களில் வெளியேற்றக் காரணத்தைச் சுட்டும் எண்குறிகள் அச்சிடப்பட்டு வந்தன. சான்றிதழை வைத்திருந்தவருக்கு அதன் பொருள் தெரியாது. வேலை கொடுப்போர் சிலருக்குத் தெரிந்திருந்தது. தன்னைப் பற்றிய வாக்கியத்தைத் தானே வாசிக்க முடியாத நிலை அது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அக்குறிகள் சிப்பாய்க்குத் தரப்படும் படியிலிருந்து நீக்கப்பட்டன.

குற்றம் செய்தவர் சீருடை மாற்றித் தப்பிவிடக் கூடாது என்பது 1949 முதல் அமெரிக்கச் சட்டம் சுமந்துவரும் கவலை, அது நியாயமானதே. ஆனால் 1980களின் ஆய்வகப் பிழைகள் அதற்கு இணையான மற்றொரு கவலையை முன்வைக்கின்றன. குற்றச்சாட்டு ஒரு படையிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்யலாம் என்றால், அதை மறுப்பதற்கான ஆவணங்களும் வாய்ப்பும் அதனுடன் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். அதிகாரவரம்பை நீட்டிய திருத்தங்களை வாசிக்கும் மாணவர்கள், ஒவ்வொன்றிலும் இவ்விரண்டில் எது முதலில் பயணித்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.