வாழும் உயிலும் மருத்துவர் மனநிலையும்: அமெரிக்க அனுபவம் (1961–2014)

நினைவு தப்பிய பிறகு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெளிவோடு இருக்கும்போதே எழுதி வைக்கும் ஆவணம் வாழும் உயில். அமெரிக்க மருத்துவர்கள் இதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று ஆராய்கிறது இக்கட்டுரை. ஆவணத்தை ஏற்பதில் அவர்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கவில்லை. அதைப் பற்றி நோயாளியிடம் பேசுவதே கடினமாக இருந்தது என்பது இதன் முடிவு.

வாழும் உயில் உருவாகுமுன் மருத்துவர்கள் எங்கே நின்றார்கள் என்பதை 1961-இல் வெளியான டொனால்ட் ஓக்கனின் ஆய்வு காட்டுகிறது. சிகாகோ மருத்துவமனை ஒன்றில் அவர் விசாரித்த 219 மருத்துவர்களில் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 1979-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். மனநிலை தலைகீழாக மாறிய இந்த இடைவெளியில்தான், 1969-இல், லூயிஸ் கட்னர் என்ற வழக்கறிஞர் வாழும் உயில் என்ற கருத்தைச் சட்ட இதழில் முன்வைத்தார்.

1975-இல் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் ஆழ்மயக்கத்தில் வீழ்ந்தார். வென்டிலேட்டரை அகற்ற மருத்துவர்கள் மறுத்ததால் தந்தை நீதிமன்றம் சென்றார். மாநில உச்ச நீதிமன்றம் 1976 மார்ச்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா நாட்டின் முதல் வாழும் உயில் சட்டத்தை இயற்றியது. உயிலின்படி நடக்கும் மருத்துவருக்கு அது சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் மீளா நோய் உறுதியாகி 14 நாள் கழித்துக் கையெழுத்திட்ட உயில் மட்டுமே மருத்துவரைக் கட்டுப்படுத்தும் என்றது. அந்நிலைக்கு வந்த பலருக்குக் கையெழுத்திடும் தெளிவே இருக்காது.

1990-இல், சிகிச்சையை மறுக்கும் உரிமை பற்றிய நான்சி குருசன் வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 1991 டிசம்பரில் நோயாளி தன்னுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டிய விருப்பம் குறித்து நோயாளிக்குத் தெரிவிக்கும் கடமையை அது மருத்துவமனைகள்மீது சுமத்தியது, மருத்துவர்மீது சுமத்தவில்லை. உயில் சேர்க்கைப் படிவங்களில் ஒன்றாகச் சுருங்க இது வழி செய்தது.

நோயாளியின் விருப்பத்தை மருத்துவர்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தனர் என்பதை 1995-இல் வெளியான ‘சப்போர்ட்’ ஆய்வு அம்பலப்படுத்தியது. 5 போதனா மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வின் முதல் கட்டத்தில், இதய மீட்புச் சிகிச்சை வேண்டாம் என்று விரும்பியவர்களின் மனத்தை 47 விழுக்காட்டு மருத்துவர்களே அறிந்திருந்தனர். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே பேசவென்றே செவிலியர்களை அமர்த்திய இரண்டாம் கட்டத்திலும் நிலைமை மேம்படவில்லை.

பயிற்சி முடிக்கும் நிலையிலிருந்த 1,081 இளம் மருத்துவர்களிடம் ஸ்டான்ஃபோர்டு நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. மீளா நோய் தமக்கே வந்தால் இதய மீட்புச் சிகிச்சை வேண்டாம் என்றனர் 88.3 விழுக்காட்டினர். முன்விருப்ப ஆவணங்கள் குறித்த அவர்களின் மனப்பான்மையை 1989-இல் ஆர்கன்சாஸ் மருத்துவர்கள் கூறியவற்றோடு ஒப்பிட்டபோது பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆவணத்தை 1989-இலும் ஆதரித்தனர், 2014-இலும் ஆதரித்தனர். தமக்கு வேண்டாத சிகிச்சையை நோயாளிக்குத் தொடர்வது மட்டும் நிற்கவில்லை.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018-இல் வாழும் உயிலை ஏற்றது. 2023-இல் மாஜிஸ்திரேட் ஒப்புதலுக்குப் பதிலாக நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும் என எளிதாக்கியது. ஆவணத்தை எளிதாக்கியதோடு நின்றால் அமெரிக்காவின் அனுபவமே இங்கும் நேரும். மரணத்தைப் பற்றி நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசுவதை மருத்துவ மாணவர்களுக்கு மூத்தோர் நோயாளியின் படுக்கையருகே கற்பிக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் அதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.