கொள்வினை கொடுப்பினையும் குருதிச் சரித்திரமும்

கோதாவரி நாட்டுப் பெனுகொண்டாவில் கோயில் கொண்டிருக்கும் வாசவி கன்யகா பரமேசுவரி, தன்னை மணக்க விரும்பிய பிற குலத்து அரசனுக்கு இசையாமல் அக்கினிப் பிரவேசம் செய்தாள் என்றும், 102 கோத்திரத்தார் அவளோடு தீப்புகுந்தனர் என்றும் ஆரிய வைசியர் வழிவழியாகப் போற்றிவரும் ஐதிகம், தம்முள்ளேயே கொள்வினை கொடுப்பினை நடத்தும் வழக்கத்தை அவர்கள் எத்துணைப் புனிதமாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது.

அவ்வழக்கத்தின் தொன்மைக்குக் குருதியும் சாட்சி பகர்கிறது. ஐதராபாத்து விஞ்ஞானிகளான லால்ஜி சிங்கும் தங்கராஜும், அமெரிக்கரான டேவிட் ரைக்கும் பிறரும் கூடி, 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவுகள், இன்று பல லட்சமாகப் பெருகியுள்ள ஆரிய வைசியர், ஏறத்தாழ 100 தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தாரின் சந்ததியினர் என்பதையும், பின்னர் அவர்களிடையே பிறர் கலப்பு மிக அரிதாகவே நிகழ்ந்தது என்பதையும் புலப்படுத்தின.

அச்சிறு கூட்டத்தில் எவரோ ஒருவரிடம் தற்செயலாக இருந்த மரபணுக் குறையும் சந்ததியோடு பெருகிற்று. சத்திர சிகிச்சைக்கு முன், மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்னும் மருந்தை, இரத்தத்திலுள்ள ஒரு நொதி சில நிமிஷங்களில் சிதைத்துவிடும்; அம்மரபணுக் குறையால் அந்நொதி குறைந்தவர்களுக்கோ, சிகிச்சை முடிந்த பின்னும் மார்புத் தசைகள் அசையாமையால், மணிக்கணக்கில் இயந்திரத்தைக் கொண்டே சுவாசத்தை நடத்தவேண்டியதாகிறது. அனுபவத்தால் இதனை அறிந்த மயக்க மருந்து வைத்தியர்கள், நோயாளி ஆரிய வைசியரா என்று முன்னரே வினவி, வேறு மருந்தைக் கைக்கொள்கின்றனர்.

இக்குறை அச்சமூகத்துக்கு எவ்வகையிலும் இழுக்கன்று. தம்முள்ளேயே மணந்த எந்தச் சிறு கூட்டத்துக்கும் நேரக்கூடியதே. 2017-இல் ஆராயப்பட்ட 263 தெற்காசியச் சமூகங்களுள் 81, பின்லாந்தினரையும் அஷ்கெநாசி யூதரையும் விடக் சிறிய மூலக் கூட்டத்தினின்று கிளைத்தவை என ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆயினும், மரபணுக்களைக் கொண்டு நோய் அபாயத்தை முன்கூட்டிக் கணிக்கும் சாஸ்திரத்துக்கு ஆதாரமான ஆராய்ச்சிகளில் பங்குகொண்டவர்களுள், 2009-இல் நூற்றுக்கு 96 பேரும், 2016-இல் 81 பேரும் ஐரோப்பிய வம்சத்தினரே. ஒரு வம்சத்தாரிடம் நோயைச் சுட்டும் அடையாளம் மற்றொரு வம்சத்தாரிடம் அருகியோ, நோயோடு தொடர்பற்றோ இருக்கக்கூடுமாதலின், அக்கணிப்பு பிற ஜனங்களிடம் பிழைபடுவதில் வியப்பில்லை.

யூதரிடையே 1970-களில் தொடங்கிய பரிசோதனை, டே-சாக்ஸ் என்னும் பரம்பரை நோயோடு குழந்தைகள் பிறப்பதை மிக அரிதாக்கிற்று. அவர்களுடைய வம்ச சரித்திரத்தை வைத்தியம் ஊன்றிக் கற்றதன் பயன் அது. அதே கவனத்தை நம் நாட்டின் ஒவ்வொரு சமூகத்துக்கும் அளிப்பது சலுகையன்று, வைத்திய சாஸ்திரத்தின் கடமையே ஆகும்.