துளையா, திரையா?

படத்தைக் கொட்டகையில் பார்ப்பதா, வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பதா? இக்கேள்வி சினிமாவுடனேயே பிறந்தது என்றால் நம்புவீர்களா?

1894 ஏப்ரல் 14இல் நியூயார்க்கில் எடிசனின் 'கினட்டாஸ்கோப்' பெட்டிகள் பத்து மக்கள் முன் வைக்கப்பட்டன. காசு கொடுத்து, துளை வழியே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே படம் பார்க்கலாம். 1895 டிசம்பர் 28இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் படத்தைத் திரையில் வீழ்த்திக் காட்டினர். கட்டணம் ஒரு பிராங்க். வந்தவர்கள் 33 பேர். ஒரே ஒளிக்கற்றை அத்தனை பேருக்கும் போதுமானதாயிற்று. திரை வென்றது, பெட்டி மறைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி என்னும் புதுப் பெட்டி நுழைந்தது. கொட்டகைகளில் கூட்டம் குறைந்தது. 1953இல் 'தி ரோப்' என்ற முதல் சினிமாஸ்கோப் படம் அகன்ற திரையால் பதில் சொன்னது. 1976இல் வந்த வி.எச்.எஸ். வீடியோ நாடாவும், பின்னர் இணையமும் படத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்தன.

அப்படியானால் அகலம்தான் கொட்டகையின் சிறப்பா? கணக்கிட்டுப் பாருங்கள். 36 மீட்டர் தொலைவிலுள்ள 12 மீட்டர் அகலத் திரையும், 3 மீட்டர் தொலைவிலுள்ள 1 மீட்டர் அகலத் திரையும் உங்கள் கண்ணில் ஒரே கோணத்தையே அமைக்கின்றன. விழித்திரையில் விழும் பிம்பமும் ஒரே அளவுதான்! வீட்டுக்குக் கொண்டுவர முடியாதது, உடன் அமர்ந்து பார்க்கும் அந்த 33 பேரைத்தான்.