தொழில்வழிச் சிகிச்சையும் உழைப்பின் பொருளும்

தமிழிலக்கண மரபிலே தொழில் என்னுஞ் சொல் செயல் அனைத்தையுங் குறிக்கும். உண்ணல், நடத்தல் என்பனவுந் தொழிற்பெயர்களே. இன்றைய வழக்கிலோ அது ஊதியத்துக்குச் செய்யும் வேலையெனப் பெரிதுங் குறுகியுள்ளது. தொழில்வழிச் சிகிச்சையின் வரலாறும் இவ்விரு பொருள்களுக்கிடையிலான முரண்பாட்டின் வரலாறேயென்பது எமது கருத்து. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இதனை நோக்குவோம்.

1917 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிறிங்ஸில் இத்துறைக்கான தேசியச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜோர்ஜ் பார்ட்டன் காசநோயுற்று, பின்னர் இடப்பக்கஞ் செயலிழந்த கட்டடக் கலைஞர். கைத்தொழிலாற் குணமடைதலைத் தம் உடலிலேயே கண்டவர். இத்துறையின் முன்னோடிகளிடையே கலை-கைவினை இயக்கத்தின் செல்வாக்கு வேரூன்றியிருந்தது. கவிஞரும் சோஷலிசவாதியுமான வில்லியம் மொறிஸ் அவ்வியக்கத்தின் தலைமகன். இயந்திர உற்பத்தி பறித்த உழைப்பின் மகிழ்ச்சியை மீட்பதே அதன் வேட்கை. நெசவும் மரவேலையும் மருத்துவமனைக்குட் புகுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆயின், அடுத்த மாதமே அந்நாடு உலகப் போரில் இறங்கிற்று. காயமுற்ற போர்வீரருக்கான தொழிற் புனர்வாழ்வுச் சட்டம் 1918இல் இயற்றப்பட்டது. 1920இல் அத்தகைய உதவி ஆலை விபத்தில் ஊனமுற்றோர் உள்ளிட்ட பொதுமக்களுக்கும் விரிந்தது. நன்மை மறுக்கற்பாலதன்று. எனினும், மனிதன் மீண்டானா என்பதினும், அவனது உழைப்புச் சக்தி சந்தைக்கு மீண்டதா என்பதே அரசின் அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோல் எவரை விலக்கியது என்பதை எட் றொபேட்ஸின் வாழ்க்கை காட்டும். இளம்பிள்ளைவாதத்தாற் கழுத்துக்குக் கீழே பெரிதும் அசைவிழந்த அவருக்கு, வேலைபெற இயலாதவரெனக் கூறி, கலிபோர்ணியப் புனர்வாழ்வுத் திணைக்களம் முதலில் உதவி மறுத்தது. அவரும் தோழரும் வளர்த்த இயக்கத்தின் பயனாக, பேர்க்லியிற் சுயாதீன வாழ்க்கை நிலையம் 1972இல் உருவாயிற்று. 1975இல் அவரே அத்திணைக்களத்தின் தலைவரானார்.

சுயாதீனம் என்பது எல்லாவற்றையுந் தன் கையாற் செய்தலன்று. எதனை, எப்பொழுது, எவர் துணையோடு செய்வதெனத் தானே தீர்மானித்தலாம். இவ்வியக்கம் நிலைநாட்டிய உண்மை இது. உடுத்தவும் உண்ணவும் குளிக்கவும் பயிற்றுஞ் சிகிச்சையாளரின் பணி இவ்வுண்மையோடு இணையும்போதே முழுமை பெறும். ஆயினும், படிக்கட்டு மட்டுமேயுள்ள கட்டடத்தைச் சிகிச்சை மாற்றாது. அதனை மாற்றுவது கூட்டுப் போராட்டமே. 1977இல் சான்பிரான்சிஸ்கோவிலே அரச கட்டடமொன்றினுள் மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்து ஊனமுற்றோர் தம் உரிமைவிதிகளை வென்றெடுத்தமை இதற்குச் சான்று. தொழில் என்னுஞ் சொல்லின் முழுப்பொருளை மீட்டவர்களும் அவர்களே.