தென்னேரிக்குப் பெயர் கொடுத்தவன் வந்த கடல்

நம் குடியிருப்பில் இந்த வருடம் மட்டும் மூன்று குடும்பங்கள் கிரேக்கத் தீவுகளுக்குப் போய் வந்திருக்கின்றன. சாண்டோரினியின் வெள்ளைச் சுவர்களும் நீலக் கூரைகளும் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் ஓடின. பார்க்கக் கண் கொள்ளவில்லை என்பது உண்மைதான். நானும் என் நண்பரும் போனது அதைவிடச் சின்னத் தீவு, செலவும் குறைவு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே இருக்கும் நயினாதீவு. நான்கு சதுர கிலோமீட்டர் சொச்சம் பரப்பு. ஏன் அங்கே போனோம் என்று கேட்டால், நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற தென்னேரி ஏரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வீடு வாங்கும்போது நம் கையில் கொடுத்த விளம்பரத் தாளில் 'லேக் வியூ' என்று போட்டிருந்தார்கள். எந்த லேக் என்று போடவில்லை. தெற்கே இருக்கும் ஏரி என்பதால் தென்னேரி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தேன் போலத் தண்ணீர் இருந்ததால் தேனேரி என்று சொல்பவர்களும் உண்டு. ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. அது திரையனேரி. வாயில் புழங்கிப் புழங்கித் தென்னேரி ஆகிவிட்டது. திரையன் என்பது தொண்டைமான் இளந்திரையன், சங்க காலத்தில் காஞ்சியிலிருந்து ஆண்டவன். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் அவன்தான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவனைப் பற்றி 500 அடிகள் பாடியிருக்கிறார்.

திரை என்றால் அலை. கடலிலிருந்து உள்நாட்டில் இவ்வளவு தள்ளி இருக்கிற ஒரு ஏரிக்கு அலையின் பெயர் எப்படி வந்தது? அவன் குலமே கடல் அலை கொண்டுவந்து சேர்த்த குலம் என்று அந்தப் பாட்டே குறிப்பிடுகிறது. முழுக் கதையைச் சொல்பவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர். சோழன் ஒருவன் நாகப்பட்டினத்தில் ஒரு பிலத்தின் வழியாக நாகலோகம் போய் அங்கே ஒரு நாகர் குலப் பெண்ணோடு வாழ்ந்தானாம். நமக்குப் பிறக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, உயிரோடு கரை சேர்ந்தால் நாட்டில் ஒரு பங்கு தருகிறேன் என்றான் அவன். பிள்ளை கரை சேர்ந்தது. கொடியால் தொண்டைமான், அலையால் திரையன்.

இதே போன்ற ஒன்றை மணிமேகலை இன்னும் துயரமாகச் சொல்கிறது. அதில் அரசன் பெயர் நெடுமுடிக்கிள்ளி, பெண்ணின் பெயர் பீலிவளை. புகார்க் கடற்கரைச் சோலையில் ஒரு மாதம் அவனோடு இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள். பிறகு மணிபல்லவம் என்ற தீவில், அங்கே வந்து நின்ற கம்பளச்செட்டி என்னும் வணிகனின் கப்பலில் குழந்தையை ஏற்றி அப்பனிடம் அனுப்பினாள். அன்று இரவே கப்பல் உடைந்தது. பிள்ளையைத் தேடிப் பித்துப் பிடித்த அரசன் இந்திர விழா எடுக்க மறந்தான். அதனால் புகாரையே கடல் கொண்டது என்கிறது காப்பியம். அந்தப் பிள்ளை பிழைத்துக் காஞ்சிக்கு வந்து அரசனானான் என்று மணிமேகலை சொல்லவில்லை. இரண்டு கதைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டது பின்னால் வந்த அறிஞர்கள். முடிச்சு இறுக்கமானது என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தொண்டை மண்டலத்து அரசன் ஒருவனின் பிறப்பைச் சொல்ல உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு கடலும் ஒரு அடையாளமும் தேவைப்பட்டிருக்கின்றன.

கிரேக்கம் போய் வந்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட கதையாக இருக்கும். ஏதென்ஸ் அரசன் ஏஜியஸ், அயலூரில் ஒரு பெண்ணிடம் தன் வாளையும் செருப்பையும் பாறைக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறான். பாறையைப் புரட்டி அவற்றை எடுத்துக்கொண்டு வருகிறவன் என் மகன் என்பது ஏற்பாடு. மகன் தீசியஸ் அப்படியே வந்து சேர்கிறான். பிறகு கிரீட் தீவுக்குப் போய்த் திரும்பும்போது, வெள்ளைப் பாய் ஏற்ற மறந்து கறுப்புப் பாயோடு வருகிறான். மகன் செத்தான் என்று நினைத்து அப்பன் கடலில் விழுந்து சாகிறான். அந்தக் கடல்தான் ஏஜியன் கடல். சாண்டோரினி இருப்பது அதில்தான். அங்கே கடலுக்கு அப்பன் பெயர், இங்கே ஏரிக்குப் பிள்ளையின் பெயர்.

இதை நண்பரிடம் சொன்னபோது, "அப்போ அந்தத் தீவைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றார். அவர் காஞ்சிபுரத்தில் பரம்பரையாகத் தறி நெய்கிற குடும்பம். பேச்சைவிடக் கை வேலையில் நம்பிக்கை உள்ளவர். மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது அந்தத் தீவில் எல்லோரும் சொல்வது, ஆய்வாளர்களிலும் பலர் சொல்வது. மறுப்பும் உண்டு. நாகதீபம் என்ற பழைய பெயர் இந்தச் சிறு தீவை மட்டும் குறிக்கவில்லை, வடக்குப் பகுதி முழுவதையும் குறித்தது என்பதற்கு 1936-இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு சாட்சி சொல்கிறது.

சென்னையிலிருந்து விமானம் பலாலியில் இறக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைக் கடல் நடுவே போட்ட சாலைகள் கோத்து வைத்திருக்கின்றன. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அதில் வலைக்கழிகள், பனைகள், நாரைகள். டச்சுக்காரர்கள் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ராட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும்தான் இன்றும் புழக்கத்தில் நிற்கிறது. மற்றவற்றை ஜனங்கள் சட்டை செய்யவில்லை.

குறிகட்டுவான் துறையில் படகு. உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு அடித்தட்டில் நெருக்கி உட்கார வேண்டும். எங்களுக்கு ஒரு பக்கம் வெள்ளுடையில் சிங்கள யாத்திரிகர்கள், மறுபக்கம் நேர்த்திக்கடனுக்குக் குழந்தையைத் தூக்கி வந்த யாழ்ப்பாணக் குடும்பம். அந்த வீட்டு அம்மா, "இந்தியாவில எவடம் ஐயா?" என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றதும் பேச்சு சேலைக்குப் போய்விட்டது. கல்யாணத்தில் அவர்கள் கட்டுவதைக் கூறை என்பார்கள். மாயவரத்தை ஒட்டிய கூறைநாட்டுப் பெயர் அது. நண்பர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "கூறை எண்டு சொன்னாலும் காஞ்சிபுரம் பட்டும் எடுக்கிறனாங்கள்தான்," என்று அந்த அம்மா சமாதானம் சொன்னார்.

கால் மணி, இருபது நிமிடத்தில் தீவு. ஒரு துறையில் நாகபூசணி அம்மன் கோயில் கோபுரம், சற்றுத் தள்ளி மறு துறையில் நாக விகாரை. நாக அரசர் இருவர் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து சமாதானம் செய்த இடம் என்று விகாரைக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். மகாவம்சம் இதைச் சொல்கிறது, தமிழ்க் காப்பியமான மணிமேகலையும் சொல்கிறது. அம்மன் கோயில் கதையிலும் நாகம்தான் நாயகம். பூவோடு கடல் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறிக்க, அந்த வழியாகக் கப்பலில் வந்த வணிகர் ஒருவர் விலக்கிவிட்டார். நாகமும் கருடனும் இருந்த பாறைகளைக் கடலில் காட்டுகிறார்கள். எந்தக் கதையைத் தொட்டாலும் ஒரு கப்பல் குறுக்கே வருவதை நாங்கள் இரண்டு பேரும் கவனித்தோம்.

அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். தீவுக் குளத்திலிருந்து எழுந்து மணிமேகலை கையில் சேர்ந்த அதே பாத்திரத்தின் பெயர். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும். நண்பர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் பார்க்கப் போனது கோயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டை. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. சிங்கள மன்னன்தான், ஆனால் கல்வெட்டின் மொழி தமிழ். ஏனென்றால் படிக்க வேண்டியவர்கள் தமிழ் தெரிந்த வணிகர்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் இதை வாசித்துப் பதிப்பித்தார்.

அதில் சொல்லியிருப்பது நம் காலத்துத் துறைமுக உத்தரவு போலவே இருக்கிறது. பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர்கள், ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. (அதுதான் இன்றைய ஊர்காவற்துறை.) ஆனையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்து போனால், மிஞ்சியதில் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. ஆனையும் குதிரையும் படைக்குத் தேவை என்பதால் அவற்றைக் கொண்டுவருகிறவனுக்குச் சலுகை.

கரை ஒதுங்கிய சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் அரசர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். உடைந்த கப்பலின் சொந்தக்காரனுக்கும் பங்கு உண்டு என்று கல்லில் எழுதி வைத்தது பெரிய காரியம். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. இங்கே கப்பல் உடைவது எப்போதோ நடக்கிற விபத்தாக இருந்திருந்தால் சட்டம் போட்டிருக்க மாட்டார்கள். பவளப்பார், ஆழமில்லாத தண்ணீர், பருவக்காற்று மாறும்போது குழம்பும் நீரோட்டம். மணிபல்லவத்தை விட்டுப் புறப்பட்ட கம்பளச்செட்டியின் கப்பல் அன்று இரவே உடைந்தது என்று புலவர் எழுதியதைக் கற்பனை என்றே படித்து வந்திருந்தேன். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது, மாலுமிகள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. இளந்திரையன் நாட்டுத் துறையிலும் இதே கவலைதான். பெரும்பாணாற்றுப்படை அவனுடைய நீர்ப்பெயற்று என்ற பட்டினத்தைப் பாடும்போது, குதிரை இறக்கும் கப்பல்களையும், அவற்றுக்கு வழிகாட்ட ஏணி வைத்து ஏறும் உயர்ந்த மாடத்தில் எரிந்த விளக்கையும் சேர்த்தே பாடுகிறது. அந்தப் பட்டினம் மாமல்லபுரம் பக்கம் என்பது பலர் கருத்து.

மறுநாள் நெடுந்தீவு. பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்கள், கட்டாக் குதிரைகள், இடிந்த கோட்டை, பெருக்க மரம். பார்க்க வேண்டிய இடம்தான், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஒன்றை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற படகை இந்தக் கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கடலில் வருகிறவனுக்குக் காவல் உண்டு என்று தமிழில் கல் வெட்டிய அதே நீர்ப்பரப்பு.

திரும்பி வந்த பிறகு மணிமேகலையின் கடைசிப் பகுதிகளை மறுபடி எடுத்தேன். மழை பொய்த்துக் காஞ்சியில் பஞ்சம். பாத்திரத்தோடு மணிமேகலை இங்கே வருகிறாள். அப்போது காஞ்சியில் இருந்த இளங்கிள்ளி, மணிபல்லவத்தில் உள்ளது போலவே ஒரு புத்த பீடிகையும் பொய்கையும் சோலையும் இங்கே அமைத்துக் கொடுக்கிறான். தீவே பெயர்ந்து வந்துவிட்டது போல. பஞ்சத்தில் தவித்த ஊருக்குச் சோறு கிடைத்தது அந்தப் பீடிகையில் வைத்துத்தான். நாங்கள் படகேறிப் போய்ப் பார்த்ததன் நகல், காப்பியத்தின்படி, நம் ஊரிலேயே இருந்திருக்கிறது.

அந்தப் பொய்கை எது என்று கேட்டுக் காஞ்சியில் அலைவதில் பயனில்லை. புத்தர்களைப் பார்க்கலாம். கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலில் இருக்கிறார்கள். காமாட்சி அம்மன் கோயிலில் து. அ. கோபிநாத ராவ் கண்டு 1915-இல் எழுதிய, ஆளைவிட உயரமாக நிற்கும் புத்தர், இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போகலாம். ஏரிக்கு எந்த நாளும் போகலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்து நிரம்பி நிற்கும் சமயத்தில், காற்று எழும் மாலை வேளையில் கரையில் நின்றால் அலை அடிக்கும். நண்பர் அதைத்தான் திரை என்கிறார்.