மணியோசை போன வழி: 1789இல் பிரான்சைப் பிடித்த ‘பெரும் பீதி’

1789 ஜூலை 24. பிரான்சின் ஷாம்பேன் பகுதியில், ரொமில்லிக்குத் தெற்கே, காட்டுக்குள் கொள்ளையர் நுழைவதைப் பார்த்ததாகப் பேச்சு கிளம்பியது. சுற்றுவட்டாரத் தேவாலயங்களில் அபாய மணி அடித்தார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 3,000 பேர் திரண்டார்கள். காட்டுக்குள் இருந்தது ஒரு மாட்டு மந்தை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 6 வரை இதே கதை வேறு வேறு வேடத்தில் அந்நாட்டின் பெரும்பகுதியை உலுக்கியது. வரலாற்றாசிரியர்கள் இதைப் ‘பெரும் பீதி’ என்பர். எழுத்தறியாக் குடியானவர்களுக்குப் பிடித்த ஹிஸ்டீரியா என்று இதை ஒதுக்குவது வசதியானது. சான்றுகள் அதற்கு இடம் தருவதில்லை.

முந்தைய ஆண்டு ஜூலை 13 அன்று பெய்த ஆலங்கட்டி மழை பயிரை நாசமாக்கியிருந்தது. பின்னால் வந்த குளிர்காலம் கொடியது. பாரிசில் நான்கு பவுண்டு ரொட்டியின் விலை 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ நாணயத்துக்கு ஏறியது. கூலியாளின் நாள் வருமானத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. வேலையற்றோர் பிச்சையெடுத்தபடி ஊர் ஊராக அலைந்தனர். வாசலில் வந்து நிற்பவனுக்கு இல்லையென்றால் இரவில் பயிரை அறுத்துவிடுவானோ என்ற அச்சம் ஒவ்வொரு பண்ணையிலும் இருந்தது. ஜூலையிலோ கதிர் வயலில் நிற்கிறது.

இந்தப் பழைய அச்சத்தோடு புதிய சந்தேகம் ஒன்று ஒட்டிக்கொண்டது. அந்த வசந்தகாலத்தில் அரசரே கேட்டதால் கிராமங்கள் நிலப்பிரபுக்களின் வரிகளுக்கு எதிராகக் குறைமனு எழுதியிருந்தன. எழுதியதற்குப் பழிவாங்காமல் விடுவார்களா? பிரபுக்களே கொள்ளையருக்குக் கூலி கொடுத்து, விளைந்த பயிரை அழிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பாரிசில் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்களிடம் வீழ்ந்த செய்தி வந்தபோது, பிரபுக்கள் இனிப் பழிதீர்க்கக் கிளம்புவார்கள் என்பதற்கு அதுவே சான்றாகிவிட்டது.

செய்தியைச் சுமந்தவர்கள் யார் என்பதில்தான் என் அக்கறை. பாதிரியார்கள், நகர அதிகாரிகள், அஞ்சல் நிலையக்காரர்கள் எனக் கடமையுணர்வோடு அடுத்த ஊரை எச்சரித்தவர்களே இவர்கள். குடியானவன் சொன்னால் ஐயப்படலாம். கையொப்பமிட்ட கடிதத்தை எப்படி ஐயப்படுவது? உதவிக்கு ஆயுதத்தோடு விரைந்து வந்த பக்கத்து ஊர்க்காரர்களையே தூரத்தில் பார்த்துக் கொள்ளையர் என்று எண்ணியதும் நடந்தது. அப்போது மணி மறுபடி ஒலிக்கும். வந்துகொண்டிருப்பவர் யார் என்பதை அந்தந்த வட்டாரத்தின் பழைய பகை தீர்மானித்தது: தென்மேற்கில் ஆங்கிலேயர், தென்கிழக்கே தொஃபினேயில் அண்டை நாட்டுச் சவோய்க்காரர்.

கொள்ளையர் வராதபோது பீதி கலைந்திருக்க வேண்டும். தொஃபினேயில் அப்படி ஆகவில்லை. ஜூலை 27 அன்று பூர்குவான் ஊரில், சவோய்க்காரரைத் தடுக்கக் கூடியவர்கள், தம்மை ஏமாற்றியது பிரபுக்களே என்று முடிவுகட்டி அவர்களுடைய மாளிகைகள் பக்கம் திரும்பினார்கள். நிலவரி உரிமைப் பத்திரங்கள் தீயில் போயின. பீதிக்குச் சற்று முன்பே, ஜூலை 19 அன்று, வெசூலுக்கு அருகில் கென்சே மாளிகையில் வெடிமருந்து வெடித்துச் சிலர் இறந்திருந்தார்கள். அது விபத்து. மாளிகைப் பிரபுவே விருந்துக்கு அழைத்துக் கொன்றார் என்றே ஊர் நம்பியது. அந்த ஊர் இருந்த பிரான்ஷ்-கோந்தே மாகாணமெங்கும் கலகம் மூண்டது. ஆகஸ்ட் 4 இரவு தேசிய மன்றம் நிலப்பிரபுத்துவச் சலுகைகளைக் கைவிட்டதற்கு இந்த நெருப்பு ஒரு முக்கியக் காரணம்.

சந்தேகம் அதோடு ஓயவில்லை, வரலாற்றெழுத்துக்குள்ளும் புகுந்தது. பீதி நாடெங்கும் ஒரே நேரத்தில் வெடித்ததாக எண்ணியவர்கள் பின்னணியில் ஒரு கை இருந்தாக வேண்டும் என்றார்கள். ஒரு சாரார் புரட்சியின் பக்கம் சாய்ந்த ஓர்லேயான் கோமகனையும் மிராபோவையும் காட்டினர். மறுசாரார் பிரபுக்களைக் காட்டினர். மணியடித்த குடியானவர் செய்ததும் இதைத்தான்.

1932இல் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெஃபேவ்ர் வெளியிட்ட நூல் இந்தச் சர்ச்சையைத் தீர்த்துவைத்தது. அவர் சதியைத் தேடவில்லை. எந்த ஊருக்குச் செய்தி எந்த நாள், எந்த மணிக்கு வந்தது என்று உள்ளூர் ஆவணங்களிலிருந்து குறித்துக்கொண்டே போனார். தொடக்கப் புள்ளிகள் ஒருசில மட்டுமே எனத் தெரிந்தது. லீவ்ரோனிலிருந்து ஆர்ல் வரை 150 கிலோமீட்டரைப் பீதி 40 மணி நேரத்தில் கடந்திருக்கிறது. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு: ஆள் நடக்கிற வேகம்.