திரைப்படச் சுருள் காப்பும் மீட்பும் (திருவனந்தபுரம்)

பழைய திரைப்படச் சுருள்களைச் சோதித்து, சீர்செய்து, எண்ம வடிவுக்கு மாற்றும் பணி, இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கு முன்புவரை தனியொரு துறையாக எண்ணப்படவில்லை. படம் ஓடி முடிந்ததும் அதன் பிரதிகள் பழஞ்சரக்காகவே கருதப்பட்டன. அவற்றில் பூசப்பட்ட வெள்ளியை உருக்கி எடுப்பதற்காக விற்றவர்களும் உண்டு. திருவனந்தபுரத்தில் இப்பணியின் வரலாறு இரண்டு மௌனப் படங்களிலிருந்து தொடங்குகிறது. ஒன்று முற்றிலும் அழிந்தது. மற்றொன்று ஒரு வழக்கின் விளைவாகத் தப்பியது.

மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’, அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் திருவனந்தபுரத்தில் நிறுவிய திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தில் உருவாகி, அந்நகரின் கேப்பிட்டல் திரையரங்கில் வெளியிடப்பட்டது. வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர்கள் வேறுபடக் கூறுவதற்குப் படமே இன்று இல்லாததும் ஒரு காரணமாகும். டேனியலின் உறவினரான ஆர். சுந்தரராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933), சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்ததால் படத்தின் பிரதி கைப்பற்றப்பட்டு, அந்நிறுவனத்தின் வசமே பல பத்தாண்டுகள் கிடந்தது. தயாரிப்பாளருக்குப் பேரிழப்பாக முடிந்த அந்த வழக்கே, படத்தைத் திரையரங்கு தோறும் தேய்ந்து அழியாமல் காத்தது எனலாம். புணேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974இல் அப்பிரதியைப் பெற்றது. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

1964இல் தொடங்கப்பட்ட அக்காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் (1933–2016) திருவனந்தபுரத்தில் பிறந்தவர். இந்தியத் திரைப்பட முன்னோடி பால்கேயின் படங்களில் எஞ்சியவை முதற்கொண்டு ஏறத்தாழ 12,000 படங்களை அவர் திரட்டினார். நல்ல படம், மோசமான படம் எனத் தரம் பிரிப்பது காப்பாளரின் வேலையன்று, கிடைப்பதையெல்லாம் சேர்ப்பதே கடமை என்ற கொள்கையை அவர் விடாது கடைப்பிடித்தார். பிற்காலத்தில் காப்பகத்தின் வட்டார அலுவலகம் ஒன்று திருவனந்தபுரத்திலும் அமைந்தது. மலையாளப் படங்களின் நெகட்டிவ்கள் மட்டும் பெரும்பாலும் சென்னை லேப்களிலேயே தங்கின. 1980இல் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ ஏற்பட்ட பிறகும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. எண்மப் படப்பிடிப்பு பரவி லேப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, உரிமையாளர்கள் தேடி வராத பெட்டிகள் கேட்பாரற்றுப் போயின.

சுருள் அழிவதற்கு அதன் வேதியியலே முதற்காரணம். 1950களின் தொடக்கம்வரை வழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. எரியும்போது தானே ஆக்சிஜனை வெளியிடுவதால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அதற்கு மாற்றாக வந்த அசிட்டேட் சுருள் தீயைத் தாங்கினாலும், வெப்பமும் ஈரமும் சேரும்போது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. புளித்த காடியின் நெடி வீசுவதால் இந்நோய்க்கு ‘வினிகர் நோய்’ என்று பெயர். வெளிப்படும் அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குவதால், ஒரு பெட்டியில் தொடங்கியது அடுத்த பெட்டிக்கும் பரவும். ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று வீசும் திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரத்தில், குளிரூட்டலும் ஈரநீக்கமும் இல்லாத அறையில் சுருளை வைப்பது அதை அழியவிடுவதற்குச் சமமாகும். படலத்திலுள்ள ஜெலட்டினைப் பூஞ்சை தின்பதும், வண்ணப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி முழுக் காட்சியும் செம்மை பாய்ந்துவிடுவதும் இங்கு வழக்கமாகக் காணப்படும் கேடுகள்.

ஆகவே மீட்பின் முதற்படி சோதனையே ஆகும். கையுறை அணிந்த பணியாளர் ஒளிமேசையின் மீது சுருளைக் கைச்சுழற்சியால் மெல்ல ஓட்டி, உருப்பெருக்கியின் வழியே கீறல், கிழிசல், பழைய ஒட்டு, உடைந்த துளை ஆகியவற்றை அடிக்கணக்கில் குறித்துக்கொள்கிறார். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு சட்டகங்களும் சட்டகத்துக்கு நான்கு துளைகளும் உண்டு. துளைகளுக்கிடையிலான தொலைவை அளந்தால் சுருள் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது தெரியும். விளிம்பில் அச்சாகியுள்ள குறிகள் சுருள் தயாரான ஆண்டைக் காட்டுவதால், கையிலிருப்பது முதற்பிரதியா, பின்னாளில் எடுத்த பிரதியா என்றும் ஓரளவு கணிக்கலாம். பொறுமையைச் சோதிக்கும் இவ்வேலைக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. கிழிந்த துளைகளை ஒட்டிச் சரிசெய்து, சுருளைக் கழுவிய பின்னரே ஸ்கேனரில் ஏற்றுவர். ஒளிப்பதிவாகச் சுருளின் ஓரத்தில் இருக்கும் ஒலித்தடம் தனியே எடுக்கப்படும். 4கே தரத்தில் ஒரு சட்டகமே ஏறத்தாழ 50 மெகாபைட் இடத்தைப் பிடிக்குமாதலால், இரண்டு மணி நேரப் படம் எட்டு டெராபைட்டைத் தாண்டும். அதன்பின் ஆடும் காட்சியை நிலைப்படுத்துவதும், தூசியையும் கீறலையும் சட்டகம் சட்டகமாக நீக்குவதும், வண்ணத்தைச் சீராக்குவதும் நடைபெறும். மீட்பவரின் ரசனை எல்லை மீறினால் படம் புதிதாக மின்னுமே தவிர, பழைய படமாக இராது.

மலையாள இயக்குநர் ஜி. அரவிந்தனின் இரு படங்கள் இதற்கு உரைகல்லாயின. ஷிவேந்திர சிங் துங்கார்பூர் 2014இல் நிறுவிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், வெளிநாட்டு நிறுவனங்களின் துணையுடன் ‘கும்மாட்டி’யை (1979) மீட்டு 2021இல் இத்தாலியின் பொலோன்யா நகர விழாவிலும், ‘தம்பு’ படத்தை (1978) மீட்டு 2022இல் கான் விழாவிலும் திரையிட்டது. இரண்டுக்கும் மூல நெகட்டிவ் கிடைக்காத நிலையில், புணே காப்பகத்தில் இருந்தவையே அடிப்படையாக அமைந்தன. இரு படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்த ஷாஜி என். கருண் உயிருடன் இருந்ததால், அசல் ஒளியும் நிறமும் எப்படியிருந்தன என்று கேட்டறிய முடிந்தது. எல்லாப் படங்களுக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

1998இல் அமைந்த கேரள மாநிலச் சலச்சித்திர அகாடமியும் பின்னாளில் இத்துறையில் இறங்கி, பி. என். மேனனின் ‘ஓளவும் தீரவும்’ (1970) போன்ற படங்களை எண்ம வடிவில் மீட்டுத் திரையிட்டது. 2024 நவம்பரில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் பன்னாட்டுத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பும் இணைந்து திருவனந்தபுரத்தில் பயிற்சிப் பட்டறையை நடத்தின. எண்மக் கோப்பும் நிரந்தரமானதன்று. அதைச் சேமிக்கும் நாடாவையும் வன்தட்டையும் சில ஆண்டுகளுக்கொரு முறை புதியவற்றுக்கு மாற்றியாக வேண்டும் என்பதால், குளிரறையில் வைத்த சுருளைக் கைவிடக் காப்பகத்தார் உடன்படுவதில்லை. தேசிய விருது பெறும் படங்களின் பிரதியைப் புணேயில் ஒப்படைக்கும் விதி இருக்கிறது. வெளியாகும் ஒவ்வொரு படத்தின் பிரதியையும் காப்பகத்துக்கு அளிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை.